கடல் கடந்து வந்த பிள்ளைகள்

ஒரு பிள்ளை ஒரு வீட்டுக்கு வந்து சேர்வது ஒரு நாட் செய்தி. அப்பிள்ளை அவ்வீட்டின் பிள்ளையாவது பல்லாண்டு கால வேலை. முதலாவதைப் பத்திரிகைகள் படத்துடன் வெளியிடுகின்றன. இரண்டாவதோ அடுப்பங்கரையிலும், காய்ச்சல் கண்ட இரவுகளிலும், பள்ளிக்கூட வாயிலிலும் ஆரவாரமின்றி நடைபெறுகின்றது. பிறந்த நாடு ஒன்று, வளரும் நாடு வேறொன்று என்றாகிவிட்ட பிள்ளையின் விஷயத்தில் இவ்வேலை இரட்டிப்பாகிறது. அதன் இயல்பை விளங்கிக்கொள்வதற்கு, அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில் வாழ்ந்த ஹோல்ட் குடும்பத்தின் வரலாறு பெரிதும் உதவும். பிறநாட்டுப் பிள்ளைகளை மகவேற்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகெங்கும் பரவுவதற்கு அக்குடும்பமும் ஒரு முக்கிய காரணமாயிற்று.

ஹரி ஹோல்ட் என்பவர் உழைத்து முன்னேறிய கமக்காரர். அவருடைய மனைவி பேர்த்தா தாதியாகப் பயிற்சி பெற்றவர். 1927ஆம் ஆண்டின் இறுதி நாளில் மணம் செய்துகொண்ட இவர்கள், 1937இல் ஒரேகன் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து, கிரெஸ்வெல் என்னும் சிற்றூரில் நிலைபெற்றனர். மரம் அரியும் ஆலையும் கமமும் அவர்களுக்குச் செல்வத்தைத் தந்தன. பிள்ளைகள் அறுவர். 1950ஆம் ஆண்டில் ஹரியைக் கடுமையான இருதய நோய் தாக்கியது. அதிலிருந்து உயிர் தப்பிய அவர், மீந்திருந்த வாழ்நாளை ஏதேனும் ஒரு நற்பணிக்கு உரியதாக்க வேண்டுமென்று எண்ணினார். குடும்பமாகக் கூடி வேதம் வாசித்து ஜெபிக்கும் வழக்கமுடைய வீடு அது.

கிறிஸ்தவ குடும்பமொன்றின் மனத்தில் மகவேற்பு என்பது தனியொரு இடத்தைப் பெற்றிருப்பதற்குக் காரணம் உண்டு. அநாதைகளையும் விதவைகளையும் பேணுதலே மெய்யான பக்தியின் அடையாளம் என்பது அச்சமயத்தின் பழைய போதனை. அன்றியும், மனிதன் கடவுளின் பிள்ளையாகும் நிலையைப் பவுல் அப்போஸ்தலர் விளக்கும்போது, மகவேற்பையே உவமையாகக் கொள்கிறார். பழைய தமிழ் வேதாகமம் அதனைப் ‘புத்திர சுவிகாரம்’ என்று மொழிபெயர்த்தது. தாமே சுவிகாரப் பிள்ளைகள் என்று நம்புவோர், பிறர் பிள்ளையைத் தம் பிள்ளையாக ஏற்பதில் ஒரு முறைமை இருக்கின்றதல்லவா?

1950 ஜூன் மாதத்தில் தொடங்கி 1953 ஜூலை மாதத்தில் போர்நிறுத்தத்துடன் ஓய்ந்த கொரிய யுத்தம், எண்ணற்ற பிள்ளைகளை வீடிழக்கச் செய்தது. அவர்களுள் ஒரு பிரிவினரின் நிலை மிகவும் இரங்கத்தக்கது. அந்நியப் போர்வீரர்களுக்கும் கொரியப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகள் அவர்கள். கொரிய நாட்டில் அக்காலத்தில் ஒருவருடைய குலமும் உரிமையும் தந்தை வழியாகவே வந்தன. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பதிவேடு இருந்தது. அதன் தலைவர் ஓர் ஆண்மகன். தந்தை இன்னாரென்று அப்பதிவேட்டில் எழுதப்படாத பிள்ளைக்குச் சமூகத்திலும் இடமில்லை. 2008ஆம் ஆண்டில்தான் அப்பதிவேட்டு முறை ஒழிந்தது. தந்தையின் பெயரும் இன்றி, முகத்திலும் தலைமயிரிலும் அந்நியச் சாயலைச் சுமந்து நின்ற பிள்ளைகளைத் தாய்மார் கண்ணீருடன் அநாதை விடுதிகளில் ஒப்படைத்தனர்.

1954ஆம் ஆண்டில், ‘வேர்ல்ட் விஷன்’ என்னும் நிறுவனத்தை நிறுவிய பொப் பியேர்ஸ் என்பவர் இப்பிள்ளைகளைப் பற்றிய திரைப்படத்தை ஒரேகனில் காட்டினார். ஹோல்ட் தம்பதிகள் அதனைப் பார்த்தனர். முதலில் சில பிள்ளைகளின் பராமரிப்புக்கு மாதந்தோறும் பணம் அனுப்பினர். ஆனால் அது அவர்கள் மனத்துக்குப் போதியதாகவில்லை. வீடு பெரிது, நிலம் பெரிது, கையிலே பொருள் உண்டு. எனவே எட்டுப் பிள்ளைகளை மகவேற்பதென முடிவு செய்தனர்.

முடிவு செய்வது எளிதாயிருந்தது. சட்டம் எளிதாக இருக்கவில்லை. 1952ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தின்படி கொரியாவிலிருந்து ஆண்டொன்றுக்கு 100 பேர் மாத்திரமே குடியேறலாம். 1953ஆம் ஆண்டின் அகதிகள் நிவாரணச் சட்டம் அநாதைப் பிள்ளைகளுக்கென 4,000 விசாக்களை ஒதுக்கியிருந்தது; ஆயினும் ஒரு குடும்பம் இருவருக்கு மேல் ஏற்றலாகாது. எட்டுப் பேர் வேண்டுமாயின், அமெரிக்கக் காங்கிரசே தனிச்சட்டம் இயற்ற வேண்டும். ஹரி 1955ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் கொரியாவுக்குப் புறப்பட்டுச் சென்றார். பேர்த்தா வீட்டிலிருந்தபடியே ஆதரவு தேடிக் கடிதங்கள் எழுதினார். நண்பர்களையும் எழுதத் தூண்டினார். செனற்றர் றிச்சர்ட் நியூபேகர் மசோதாவைக் கொண்டுவந்தார். அவ்வாண்டிலேயே சட்டம் நிறைவேறியது. 1955 ஒக்ரோபர் 14ஆந் திகதி, 12 பிள்ளைகளுடன் ஹரி போட்லன்ட் விமான நிலையத்தில் வந்திறங்கினார். அவர்களுள் எண்மர் ஹோல்ட் குடும்பத்துக்குரியவர்கள். ஏனையோர் பிற குடும்பங்களுக்குரியவர்கள்.

பத்திரிகைகள் எழுதிய கதை இவ்வளவில் முடிந்தது. குடும்பத்தின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

பேர்த்தாவுக்கு அப்பொழுது வயது 51. வீட்டில் இப்பொழுது பிள்ளைகள் 14 பேர். வந்த எண்மரும் பள்ளி செல்லும் வயதை எட்டாத சிறியோர், சிலர் கைக்குழந்தைகள். நெடும் பிரயாணத்தின் களைப்புடனும் விடுதி வாழ்வில் தொற்றிய நோய்களுடனும் வந்தவர்கள் அவர்களுள் இருந்தனர். தாய் தாதியாயிருந்தமை அவ்வேளையில் பெருந்துணையாயிற்று. துவைத்தலும் சமைத்தலும் குளிப்பாட்டுதலும் மருந்தூட்டலும் தாய் ஒருத்தியால் ஆகிற காரியங்களல்ல. மூத்த பிள்ளைகள் அறுவரும் அப்பாரத்தில் பங்கு கொண்டனர். மகவேற்பு என்பது பெற்றோர் இருவர் எடுக்கும் தீர்மானமென்று உலகம் எண்ணுகிறது. உண்மையில் அது அவ்வீட்டில் முன்னரே பிறந்திருக்கும் பிள்ளைகளின் தீர்மானமுமாகும். தாய் தந்தையரின் நேரத்தையும் மடியையும் விட்டுக்கொடுப்பவர்கள் அவர்களே.

இத்தகைய பிள்ளைகள் புதிய வீட்டில் காட்டும் நடத்தை பெற்றோரைத் திகைக்கச் செய்வதுண்டு. சூடேற்றிய தரையில், பலருடன் நெருங்கிப் படுத்துறங்கிப் பழகிய கொரியப் பிள்ளைக்குத் தனிக் கட்டிலும் தனியறையும் செல்வமாகத் தோன்றுவதில்லை. கைவிடப்பட்டமையின் அடையாளமாகவே தோன்றும். பசியை அறிந்த பிள்ளை, நிறைய உண்ட பின்னும் ரொட்டித் துண்டைத் தலையணையின் கீழ் ஒளித்து வைக்கும். சில பிள்ளைகள் எதற்கும் அழுவதில்லை. அழுதால் எவரும் வருவதில்லை என்று விடுதியிலே கற்றுக்கொண்டவர்கள் அவர்கள். வேறு சிலர் தாயின் முந்தானையை ஒரு கணமும் விடமாட்டார்கள். அவள் அடுத்த அறைக்குப் போனாலும் நிரந்தரமாகப் போய்விட்டதாகக் கதறுவார்கள். இவற்றைக் குறும்பென்றோ நன்றியின்மையென்றோ கொள்ளும் வீட்டில் பிள்ளையின் துயரம் நீடிக்கும். அச்சத்தின் மொழி இதுவென்று கண்டுகொள்ளும் வீட்டில் அது நாளடைவில் தணியும்.

மொழியின் செய்தி இன்னும் நுட்பமானது. சிறு பிள்ளை புதிய மொழியை வியக்கத்தக்க விரைவில் கற்றுக்கொள்ளும். சில மாதங்களுள் ஆங்கிலம் பேசத் தொடங்கிவிடும். பெற்றோர் மகிழ்வர், அயலார் பாராட்டுவர். ஆனால் அதே மாதங்களில் பழைய மொழி சத்தமின்றி அழிந்துபோகிறது. தாலாட்டிலே கேட்ட சொற்களும், தாயை அழைத்த சொல்லும் மறைந்துவிடுகின்றன. ஐம்பதுகளில் இவ்விழப்பை இழப்பென்று எவரும் கருதவில்லை. பிள்ளையின் பழையதெல்லாம் துன்பமே. அதனை மறப்பதே நன்மை என்பதுதான் அக்காலத்து நல்லெண்ணங் கொண்டோரின் கருத்து.

வீட்டுக்கு வெளியே வேறொரு உலகம் இருந்தது. வெள்ளையரும் ஆசியரும் மணம் செய்வதைத் தடுத்த சட்டத்தை ஒரேகன் மாநிலம் 1951ஆம் ஆண்டில்தான் நீக்கியது. அதற்கு நான்கு ஆண்டுகளின் பின்னர் இப்பிள்ளைகள் அம்மண்ணில் கால்வைத்தனர். வாழ்த்தி வரவேற்றோர் பலராயினும், முறைத்துப் பார்த்தோரும் உலகில் இல்லாமற் போகவில்லை. வெள்ளைக்காரப் பெற்றோரின் கையைப் பிடித்துச் செல்லும்வரை பிள்ளையைத் தெருவார் புன்னகையுடன் நோக்குவர். வளர்ந்து தனியே நடக்கத் தொடங்கியபின், அதே தெருவில் அவன் அந்நியன் ஆகிவிடுவான். தாம் ஒருபோதும் அநுபவித்தறியாத அவமதிப்பைத் தம் பிள்ளை அநுபவிக்கும்போது, அதனை நம்புவதும் அதற்காக முன்னிற்பதும் அத்தகைய பெற்றோருக்குப் பெரும் பரீட்சையாகும்.

இக்குடும்பத்தின் வரலாற்றில் குறிப்பிடத்தக்க அம்சமொன்று உண்டு. பிள்ளைகள் கிழக்கிலிருந்து மேற்கே வந்தனர்; குடும்பமோ மேற்கிலிருந்து கிழக்கே செல்லத் தொடங்கியது. தாதியாயிருந்த மகள் மொலி 1956இல் கொரியாவுக்குச் சென்றார். அங்கேயே ஊனமுற்ற பிள்ளைகளுக்குப் பணிபுரிந்து, 2019ஆம் ஆண்டில் அம்மண்ணிலேயே மறைந்தார். ஹரியும் அடிக்கடி கொரியாவுக்குச் சென்றார். மகவேற்கப்படுவதற்கு வாய்ப்பற்ற ஊனமுற்ற பிள்ளைகளுக்காக, சியோல் நகருக்கு அருகிலுள்ள இல்சான் என்னுமிடத்தில் ஓர் இல்லம் எழுந்தது. 1964 ஏப்ரல் 28ஆந் திகதி, கொரியாவிலேயே இருதய நோயினால் ஹரி காலமானார். இல்சானில் அவரை அடக்கம் செய்தனர். தமது 60ஆவது வயதில் கணவரை இழந்த பேர்த்தா, வீட்டுப் பொறுப்பையும் வெளிப்பணியையும் தொடர்ந்து தாங்கினார். 1966இல் அமெரிக்காவின் அவ்வாண்டுக்குரிய சிறந்த தாயாக அவரைத் தெரிந்தெடுத்தனர். கொரியப் பிள்ளைகள் பலரும் அவரை ‘ஹல்மொனி’, அதாவது பாட்டி, என்றழைத்தனர். 2000ஆம் ஆண்டில் தமது 96ஆவது வயதில் காலமான அவர், இல்சானில் கணவரின் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

குடும்ப வரலாறு இவ்வாறாக, அது தொடக்கிவைத்த இயக்கம் வேறொரு வரலாறாயிற்று. எட்டுப் பிள்ளைகளின் படம் பத்திரிகையில் வெளியானதும், தமக்கும் பிள்ளை வேண்டுமென்று தம்பதிகள் பலரிடமிருந்து கடிதங்கள் குவிந்தன. 1956ஆம் ஆண்டில் ஹோல்ட் தம்பதிகள் இதற்கென ஓர் அமைப்பைத் தோற்றுவித்தனர். தனி விமானங்களில் பிள்ளைகள் கூட்டங் கூட்டமாக வந்தனர். பெற்றோர் கொரியாவுக்குச் செல்லாமலே, பிரதிநிதி மூலம் அங்கே மகவேற்பு முடிக்கப்பட்டது.

இம்முறையைச் சமூக சேவையில் பயிற்சி பெற்றோர் கடுமையாகக் கண்டித்தனர். ஏற்கும் பெற்றோரின் இயல்பு, வீட்டு நிலை, பிள்ளையின் தேவை ஆகியவற்றை ஆராயாமல், அவர்கள் வேதத்தில் நம்பிக்கையுள்ள கிறிஸ்தவர்களா என்பதையே முதன்மையான தகுதியாகக் கொள்ளுதல் முறையாகுமா என்று கேட்டனர். ஹரியின் மறுமொழியும் அலட்சியம் செய்யத்தக்கதன்று. பாலும் மருந்துமின்றி விடுதிகளில் சிசுக்கள் மடிவதை அவர் கண்ணாரக் கண்டவர். விசாரணைக்கென ஓர் ஆண்டு காத்திருப்பின், அவ்வாண்டில் இறக்கும் பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு என்பது அவருடைய வாதம். இரு பக்கத்தாரும் பிள்ளையின் நன்மையையே நாடினர். ஒருவர் இன்றைய இரவை எண்ணினார். மற்றவர் இனி வரும் இருபது ஆண்டுகளை எண்ணினார். 1961இல் திருத்தப்பட்ட அமெரிக்கச் சட்டம், காணாமலே மகவேற்கும் முறைக்கு முடிவு கட்டியது.

காலம் செல்லச் செல்ல, கொரியாவிலும் நிலைமை மாறியது. யுத்தத்தின் வடு ஆறியது, நாடு செல்வமடைந்தது. ஆயினும் பிள்ளைகளை அனுப்புவது நிற்கவில்லை, பெருகியது. மணமாகாத தாய்மாரின் பிள்ளைகளும் வறியோரின் பிள்ளைகளும் இப்பொழுது அனுப்பப்பட்டனர். 1985ஆம் ஆண்டில் மாத்திரம் 8,800க்கு மேற்பட்டோர் அந்நாட்டைவிட்டு வெளியேறினர். மொத்தத்தில் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட கொரியப் பிள்ளைகள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வளர்ந்தனர். அவசரத்துக்கென்று திறக்கப்பட்ட வழி, அவசரம் தீர்ந்தபின் நிரந்தரப் பாதையாகிவிட்டது.

அப்பிள்ளைகள் வளர்ந்து ஆளானபோது, தம்மைப் பெற்றவர்களைத் தேடி ஆயிரக்கணக்கில் கொரியாவுக்குத் திரும்பினர். அங்கே பலருக்குப் பேரதிர்ச்சி காத்திருந்தது. அநாதை என்று பதிவு செய்யப்பட்டிருந்தவருக்குத் தாயும் தந்தையும் உயிருடனிருந்தனர். ஒருவருடைய பத்திரத்தில் வேறொருவர் அனுப்பப்பட்டிருந்தார். தென் கொரியாவின் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு இவற்றை விசாரித்து, 2025 மார்ச்சில் தன் முடிவை வெளியிட்டது. பொய்யான பதிவுகளும் முறையற்ற சம்மதங்களும் மலிந்திருந்தனவென்றும், அவற்றைத் தடுக்கத் தவறிய அரசாங்கமே பொறுப்பாளியென்றும் அது கூறியது. முறையிட்ட 367 பேருள் 56 பேரை அப்பொழுது பாதிக்கப்பட்டோராக ஏற்றுக்கொண்டது. 2025 ஒக்ரோபரில் அந்நாட்டு ஜனாதிபதி லீ ஜே மியுங் மன்னிப்புக் கோரினார்.

ஏற்ற நாட்டிலும் குறைபாடு இருந்தது. மகவேற்பினால் மாத்திரம் பிரஜாவுரிமை கிடைத்துவிடும் என்று எண்ணி, தனியாக விண்ணப்பஞ் செய்யத் தவறிய அமெரிக்கப் பெற்றோர் இருந்தனர். 2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் அக்குறையை நீக்கியது. ஆயினும் 2001இல் அது நடைமுறைக்கு வந்தபோது 18 வயதைக் கடந்திருந்தோரை உட்படுத்தவில்லை. அதன் விளைவாக, அமெரிக்கக் குடும்பத்தில் வளர்ந்து, ஆங்கிலமன்றி வேறு மொழி அறியாத சிலர், நடுவயதில் கொரியாவுக்கு நாடுகடத்தப்பட்டனர்.

இத்தகைய முறைகேடுகளைத் தடுக்கும் நோக்குடன் 1993ஆம் ஆண்டில் ஹேக் நகரிலே ஓர் உடன்படிக்கை உருவாயிற்று. பிள்ளையை முதலில் பிறந்த குடும்பத்திலும், இயலாவிடின் பிறந்த நாட்டிலும் வாழவைக்க முயல வேண்டும். அதன் பின்னரே பிறநாட்டுக் குடும்பத்தை நாடலாம். எவரும் இதனால் தகாத ஆதாயம் பெறலாகாது. பிள்ளையின் பூர்வீகம் பற்றிய பதிவுகளைப் பேணிக் காக்க வேண்டும் என்பன அதன் சாரம். மெக்சிக்கோ, ருமேனியா ஆகியவற்றுடன் இலங்கையும் முதலில் உறுதிப்படுத்தியமையாலேயே, அவ்வுடன்படிக்கை 1995 மே மாதம் முதலாந் திகதி வலுவுக்கு வந்தது. தென் கொரியாவில் அது 2025 ஒக்ரோபரில்தான் நடைமுறைக்கு வந்தது.

இவ்வளவையும் அறிந்தபின், ஹோல்ட் குடும்பத்தாரின் செயலை எவ்வாறு மதிப்பிடுவது? பிற்காலத்தில் நிகழ்ந்த தவறுகளை முழுவதும் அவ்வீட்டு வாசலில் கொண்டுவந்து வைப்பது நீதியாகாது. அவர்கள் அன்பு உள்ளமுடையவர்கள் என்பதனால், அம்முறையிலே குறையில்லை என்று கூறுவதும் உண்மையாகாது. அன்பு ஒரு பிள்ளையை வளர்க்கும். ஆனால் இலட்சம் பிள்ளைகளை நாடுவிட்டு நாடு அனுப்பும் ஏற்பாட்டுக்கு அன்பு போதாது. உண்மையான பதிவும், கண்டிப்பான சட்டமும், ‘இத்தாய்க்கு உதவி செய்தால் பிள்ளை இவளிடமே வளருமே’ என்று கேட்கும் ஒருவரும் வேண்டும்.

வேதாகமமே இதற்குத் தக்க உதாரணமொன்றைத் தருகின்றது. எகிப்திய அரசகுமாரி நதியிலே கண்டெடுத்து வளர்த்த எபிரேயப் பிள்ளை மோசே. வேறு இனத்தவளின் மாளிகையில் வளர்ந்தமையால் அவன் உயிர் பிழைத்தான். அக்கதையில் இன்னொருத்தியும் இருக்கிறாள். பேழை மிதந்த இடத்துக்குச் சற்று அப்பால் நின்று, தம்பிக்கு என்ன நேருமோவென்று பார்த்துக்கொண்டிருந்த தமக்கை அவள். பெற்ற தாயையே பாலூட்டுந் தாதியாக அரசகுமாரியிடம் அழைத்து வந்தவளும் அவளே. ஆதலால் மோசே வளர்த்தவளின் மகனாகவும் இருந்தான். தன் சகோதரர் யாரென்றும் அறிந்திருந்தான். அரசகுமாரி அவனைக் காப்பாற்றினாள்; அவன் யாரென்ற உண்மையைத் தமக்கை காப்பாற்றினாள்.

கடல் கடந்து வரும் பிள்ளையை ஏற்கும் குடும்பம் அரசகுமாரியின் இரக்கத்தை மாத்திரமன்றி, அத்தமக்கையின் காவலையும் தன் கடமையாகக் கொள்ளல் வேண்டும். பிள்ளையின் பழைய பெயரைக் காகிதத்திலேனும் காத்தல், அதன் பிறந்த ஊரைப் பற்றி வெட்கமின்றிப் பேசுதல், கிடைத்த ஒவ்வொரு பத்திரத்தையும் ஒளிக்காது பாதுகாத்தல் ஆகியவை பெருஞ் செலவுள்ள காரியங்களல்ல. பிள்ளை ஒருநாள் ‘என்னைப் பெற்றவள் யார்?’ என்று கேட்கும். அதனைத் தம் அன்புக்கு நேர்ந்த அவமதிப்பாகப் பெற்றோர் எண்ணலாகாது. நன்றியை எதிர்பார்ப்பதும் தகாது. எந்தப் பிள்ளையும் தான் வளர்க்கப்பட்டமைக்குக் கடன்பட்டு வாழ வேண்டியதில்லை. அச்சமின்றி அக்கேள்வியைக் கேட்கக்கூடிய வீட்டில்தான், அந்நிய மண்ணிலிருந்து வந்த பிள்ளை அவ்வீட்டின் சொந்தப் பிள்ளையாகின்றது.